இரண்டு டிக்கெட்டில் ஒரு பயணம்: குமரி மாவட்டத்திலிருந்து விமானம் ஏறுபவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. நமக்கு ஏர்போர்ட் என்றால் திருவனந்தபுரம்தான். நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். மார்த்தாண்டம், கருங்கல், கொல்லங்கோடு பக்கத்துக்காரர்களுக்கு இன்னும் கிட்ட. அங்கிருந்து வளைகுடா ஊர்கள் பலவற்றுக்கு நேரடி விமானம் உண்டு. ஆனால் ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் பிள்ளை, அயர்லாந்தில் நர்ஸ் வேலை கிடைத்த பெண், வடக்கே பட்டாளத்திலோ கம்பெனியிலோ இருக்கிற பையன் என்று பலரும் நடுவில் எங்காவது இறங்கி ஏறித்தான் ஆக வேண்டும். நேரடி விமானம் இருக்கிற ஊருக்குக்கூட, பள்ளி விடுமுறையிலும் ஓணம், கிறிஸ்துமஸ் சமயத்திலும் விலை தாறுமாறாக ஏறும். அப்போது மும்பை வரை ஒரு டிக்கெட், மும்பையிலிருந்து இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்தால் சில ஆயிரம் மிஞ்சும்.

அப்படி எடுக்கலாமா என்றால், எடுக்கலாம். ஆனால் இரண்டு டிக்கெட்டுக்கும் நடுவில் இருக்கிற நேரத்துக்கு எந்த விமான நிறுவனமும் பொறுப்பு ஏற்காது. அந்த இடைவெளி முழுக்க உங்கள் தலையில். அதற்கு என்ன செலவாகும் என்று பார்த்துவிட்டு, அப்புறம் பணத்தைக் கட்டுங்கள்.

கையில் இருப்பது ஒரு டிக்கெட்டா, இரண்டா?

இதுவே பலருக்குத் தெரிவதில்லை. ஏஜென்ட் ஒரே தாளில் இரண்டு விமானத்தையும் அச்சடித்துக் கொடுத்துவிடுவார். பணமும் ஒரே தடவையில் கட்டியிருப்போம். அதனால் ஒரே டிக்கெட் என்று நினைத்துக்கொள்வோம்.

பார்க்க வேண்டியது பிஎன்ஆர். உங்கள் முன்பதிவுக்கான குறியீடு அது; எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் ஆறு இருக்கும். இரண்டு விமானத்துக்கும் ஒரே பிஎன்ஆர், ஒரே டிக்கெட் எண் என்றால் அது ஒரே டிக்கெட். டிக்கெட் எண் பொதுவாக 13 இலக்கம் இருக்கும். முதல் மூன்று இலக்கம் டிக்கெட்டைக் கொடுத்த விமான நிறுவனத்தின் எண். ஏர் இந்தியாவுக்கு 098, எமிரேட்ஸுக்கு 176. தாளில் முதல் விமானத்துக்கு ஒரு பிஎன்ஆரும் இரண்டாவதற்கு வேறொன்றும் இருந்தால், அது தனித்தனி டிக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில சமயம் ஒரே டிக்கெட்டிலேயே இரண்டு நிறுவனங்கள் சேர்ந்திருந்தால் ஆளுக்கொரு பிஎன்ஆர் வரும். அப்போது டிக்கெட் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இணையத்தில் எடுக்கும்போது 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்' என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தாலும் அர்த்தம் இதுதான்: நடுவில் நீங்களே இறங்கி, நீங்களே லக்கேஜ் எடுத்து, நீங்களே மறுபடி போட வேண்டும்.

ஊரில் பெரியவர்கள் கேட்பார்கள்: "டிக்கெட் ரெண்டா இருந்தா என்ன மக்களே, ஏர்போர்ட் ஒண்ணுதானே?" ஏர்போர்ட் ஒன்றுதான். ஆனால் முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதமாகி இரண்டாவது பறந்துவிட்டால், ஒரே டிக்கெட் எடுத்தவரை அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது நிறுவனத்தின் வேலை. இரண்டு டிக்கெட் எடுத்தவர் இரண்டாவது நிறுவனத்தின் கண்ணில் வராத பயணி, நோ-ஷோ. ஏன் வரவில்லை என்று அவர்கள் கேட்கப் போவதில்லை. கனெக்ஷன் தவறியவர்களுக்கு, விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிகள் தரும் பாதுகாப்பும் ஒரே டிக்கெட்டில் வருபவர்களுக்குத்தான்.

மிஞ்சும் பணம் உண்மையில் மிஞ்சுகிறதா?

ஒரு உதாரணம். கருங்கலிலிருந்து சவூதியில் இருக்கும் தம்மாமுக்குப் போகிறவர் என்று வைத்துக்கொள்வோம். திருவனந்தபுரம், மும்பை, தம்மாம் ஒரே டிக்கெட்டில் 27,000 ரூபாய். தனித்தனியாக எடுத்தால் மும்பைக்கு 4,500, அங்கிருந்து தம்மாமுக்கு 16,500, மொத்தம் 21,000. ஆறாயிரம் லாபம். விலைகள் நான் கற்பனையாகப் போட்டவை. கணக்கின் போக்குதான் முக்கியம்.

இப்போது லக்கேஜ். தம்மாம் டிக்கெட்டில் 30 கிலோ அனுமதி என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வீட்டில் அரிசி மாவு, மசாலா பொடி, ஏத்தங்காய் சிப்ஸ், மீன் ஊறுகாய் என்று 30 கிலோவையும் நிறைத்துக் கட்டிவிடுவார்கள். மும்பை வரை போகிற உள்நாட்டு டிக்கெட்டில் சாதாரண வகுப்புக்குப் பெரும்பாலும் 15 கிலோதான். ஒரே டிக்கெட்டாக இருந்தால் வெளிநாட்டு அளவு முழுப் பயணத்துக்கும் வரும்; தனி டிக்கெட்டில் வராது. கவுண்டரில் கூடுதலாக இருக்கும் 15 கிலோவுக்கும் கட்டணம் கேட்பார்கள். கிலோவுக்கு 500 ரூபாய் என்று வைத்தாலே 7,500. ஆறாயிரம் லாபம் போய் 1,500 நஷ்டத்தில் நிற்கிறோம். இன்னும் வீட்டைத் தாண்டி 60 கிலோமீட்டர்கூட வரவில்லை.

இதைத் தவிர்க்க வழி உண்டு. கூடுதல் எடையை இணையத்தில் முன்கூட்டியே வாங்கினால் கவுண்டர் விலையைவிடக் குறைவு. அந்தத் தொகையையும் சேர்த்துவிட்டு ஒரே டிக்கெட்டோடு ஒப்பிடுங்கள். அதோடு மும்பையில் இரவு தங்க நேர்ந்தால் அறை வாடகை, டெர்மினல் மாறினால் டாக்ஸி, இவற்றையும் எழுதுங்கள். என் அபிப்பிராயம்: எல்லாம் போக நாலைந்து ஆயிரமாவது நிஜமாக மிஞ்சாவிட்டால் இந்தத் தலைவலி வேண்டாம். இரண்டாவது டிக்கெட் போனால் போவது 16,500 ரூபாய் என்பதையும் மறக்கக் கூடாது.

வீட்டு வாசலிலிருந்து நேரத்தைக் கணக்கிடுங்கள்

விமானம் இறங்கும் நேரத்துக்கும் அடுத்தது கிளம்பும் நேரத்துக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். நம் மாவட்டத்துக்காரர்களுக்குக் கணக்கு அதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது.

நாகர்கோவிலிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் என்று சொல்வார்கள். அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினால் சரி. காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை மூன்றையும் தாண்டுவதற்குள் நேரம் போய்விடும். களியக்காவிளைக்கு அப்புறம் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகப் போகாமல் காரோட்டிலிருந்து பைபாஸ் பிடித்தால் ஏர்போர்ட் பக்கமாகவே போய்விடலாம். ரயிலில் போகிறவர்கள் நாகர்கோவில், இரணியல், குழித்துறை எதில் ஏறினாலும் திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும். ரயில் மலிவுதான். ஆனால் விமானம் பிடிக்கப் போகும்போது, சரியான நேரத்துக்குக் கொண்டு சேர்க்கும் ரயில் எதுவோ அதற்கும் முந்தின ரயிலில் ஏறுங்கள்.

கேரளத்தில் ஹர்த்தால் என்றால் களியக்காவிளையோடு பஸ் நின்றுவிடும், டாக்ஸிக்காரர்களும் யோசிப்பார்கள். பயணத்துக்கு முந்தின நாள் மலையாளச் செய்தியையும் ஒரு கண் பாருங்கள்.

இன்னொரு விஷயம், வெளியூர்க்காரர்கள் கேட்டால் நம்ப மாட்டார்கள். பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனி, ஐப்பசி ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்கு விமான நிலைய ரன்வேயைக் கடந்துதான் போகிறது. அந்த இரண்டு நாளும் மாலையில் சில மணி நேரம் ரன்வேயை மூடிவிடுவார்கள்; விமான நேரங்களை மாற்றி வைப்பார்கள். ஒரே டிக்கெட் எடுத்தவருக்குப் பிரச்சினை இல்லை, நிறுவனம் பார்த்துக்கொள்ளும். தனித்தனியாக எடுத்தவர் பங்குனியிலும் ஐப்பசியிலும் தேதி குறிக்கும் முன் ஆறாட்டு எந்த நாள் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

திருவனந்தபுரத்தில் டெர்மினல் இரண்டு. சங்குமுகம் கடற்கரைப் பக்கம் டெர்மினல் 1, சாக்கை பக்கம் டெர்மினல் 2. நடுவில் ரன்வே கிடக்கிறது, அதனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ரோட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். வெளிநாட்டு விமானங்கள் 2-ல். உள்நாடு என்றாலே 1 என்று நினைத்து டிரைவரிடம் சொல்லிவிடாதீர்கள். டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

இறங்கி ஏறும் ஊரில் எவ்வளவு இடைவெளி வேண்டும்?

இதற்கு அரசாங்க விதி எதுவும் கிடையாது. ஒரே டிக்கெட்டுக்கு விமான நிலையங்கள் வைத்திருக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் உங்களுக்குப் பொருந்தாது, அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். நான் சொல்வது இப்படி.

உள்நாட்டிலிருந்து உள்நாட்டுக்கு, அதே டெர்மினல், கையில் கேபின் பை மட்டும்: மூன்று மணி நேரம் போதும். பெட்டி போட்டிருந்தால் நான்கு. டெர்மினல் மாறினால் ஐந்து. உள்நாட்டிலிருந்து வெளிநாட்டுக்கு என்றால் ஆறு மணி நேரத்துக்குக் குறைந்து எடுக்காதீர்கள். சும்மா உட்கார்ந்திருப்பது வீண் என்று தோன்றும். ஆறு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்: விமானம் ஒரு மணி நேரம் தாமதம், பெல்ட்டில் பெட்டி வர 40 நிமிடம், வெளியே வந்து டெர்மினல் மாற ஒரு மணி நேரம், வாசலில் சிஐஎஸ்எஃப் காவலரிடம் டிக்கெட்டும் அடையாளமும் காட்ட வரிசை, செக்-இன் வரிசை, எமிக்ரேஷன் வரிசை, பாதுகாப்புச் சோதனை. உள்நாட்டுக்குப் பெரும்பாலும் 60 நிமிடம் முன்பும், வெளிநாட்டுக்கு 60 முதல் 75 நிமிடம் முன்பும் கவுண்டரை மூடிவிடுவார்கள். பறக்கும் நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். கவுண்டர் மூடும் நேரம்தான் உங்கள் கடைசி நேரம்.

ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. சென்னையில் உள்நாட்டு டெர்மினலிலிருந்து வெளிநாட்டு டெர்மினலுக்கு டிராலியைத் தள்ளிக்கொண்டே போய்விடலாம். மும்பையில் டெர்மினல் 1 சாந்தாக்ரூஸ் பக்கம், வெளிநாட்டு விமானங்கள் போகும் டெர்மினல் 2 சஹார் பக்கம். நடுவில் நகரத்து டிராஃபிக். டெல்லியில் 1-க்கும் 3-க்கும் சில கிலோமீட்டர். பெங்களூரில் வெளிநாட்டுக்கு டெர்மினல் 2. எனவே மலிவு மட்டும் பார்க்காமல், இறங்கும் டெர்மினலும் ஏறும் டெர்மினலும் ஒன்றாக இருக்கிற ஜோடியைத் தேடுங்கள். முந்நூறு ரூபாய் கூடினாலும் பரவாயில்லை.

மாதத்தையும் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பை மழை. டிசம்பர், ஜனவரியில் டெல்லி பனிமூட்டம். இந்த நாட்களில் விமானம் வானத்தில் வட்டமடிப்பதும் வேறு ஊரில் இறங்குவதும் சாதாரணம்.

எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று. முதல் விமானத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அது ரத்தானால் உங்களை நேரத்துக்குக் கொண்டு சேர்க்க அதே நாளில் அதற்குப் பின் இன்னொன்று இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி விமானத்தை நம்பி இரண்டாவது டிக்கெட்டை வாங்காதீர்கள். வெளிநாட்டு விமானம் அதிகாலையில் என்றால் முந்தின நாள் மதியமே போய்விடுவதுதான் நிம்மதி. மும்பையில் சொந்தக்காரர் வீடு இருந்தால் தனி டிக்கெட் எடுப்பதற்கு அதைவிட நல்ல காரணம் இல்லை.

ரயிலும் விமானமும் சேர்ந்தால்

சென்னை வரை ரயிலில் போய் அங்கிருந்து விமானம் ஏறுவதும் இதே கணக்குதான். ரயில் தாமதமானால் விமான நிறுவனம் கேட்காது. ஆனால் இது நமக்குப் பழக்கமான வழி, லக்கேஜ் எடைத் தொல்லையும் குறைவு. இரவு நாகர்கோவிலில் ஏறிக் காலையில் சென்னையில் இறங்கினால் அன்று மாலைக்குப் பின் கிளம்பும் விமானத்தை எடுங்கள். எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்தில் இறங்குங்கள். அங்கிருந்து மின்சார ரயிலில் திரிசூலம் சில ஸ்டேஷன்தான். திரிசூலத்துக்கு எதிரே ஏர்போர்ட். பெரிய பெட்டிகள் இருந்தால் தாம்பரத்திலிருந்தே டாக்ஸி பிடித்துவிடலாம். வந்தே பாரத்தில் போனால் சென்னை சேர இரவாகிவிடும். நள்ளிரவு விமானத்துக்கு அதை நம்பாதீர்கள், மறுநாள் விமானத்துக்கு அருமை.

வெளிநாட்டில் இறங்கி ஏறுவதாக இருந்தால்

இங்கேதான் பெரிய சிக்கல். ஒரே டிக்கெட்டில் போகிறவர் அந்த நாட்டுக்குள் நுழையாமல் டிரான்சிட் பகுதியிலேயே இருந்து அடுத்த விமானம் ஏறிவிடுவார். தனி டிக்கெட்டில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்கு இமிக்ரேஷனைத் தாண்டி வெளியே வர வேண்டும். வெளியே வர விசா வேண்டும். விசா இல்லாவிட்டால் திருவனந்தபுரம் கவுண்டரிலேயே ஏற்ற மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் பார்ப்பது தங்கள் டிக்கெட் எதுவரை போகிறதோ அந்த நாட்டின் விசாவைத்தான். அடுத்த டிக்கெட்டைக் காட்டி வாதாடினாலும் சில சமயம்தான் எடுபடும்.

மலிவாகக் கிடைக்கிறதென்று ஷார்ஜாவில் இறங்கி துபாயில் ஏறுகிற மாதிரி ஜோடிகள் தேடலில் வரும். இரண்டும் வேறு வேறு விமான நிலையம். ரோட்டில்தான் போக வேண்டும். அமீரக விசா இல்லாமல் முடியாது. அங்கே 48 மணி, 96 மணி டிரான்சிட் விசாக்கள் உண்டு, விமான நிறுவனம் வழியாக முன்கூட்டியே வாங்க வேண்டும். அமெரிக்காவில் டிரான்சிட் பகுதி என்ற ஏற்பாடே கிடையாது; ஒரே டிக்கெட்டில் வழியாகப் போகிறவரும் விசா வைத்திருக்க வேண்டும். கையில் கேபின் பை மட்டும் இருந்து, இரண்டாவது போர்டிங் பாஸும் போனில் இருந்தால் சில விமான நிலையங்களில் வெளியே வராமலே மாறிவிடலாம். பெட்டி இருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம்.

முதல் தடவை வெளிநாடு போகிறவருக்கும், பேரப்பிள்ளையைப் பார்க்கத் தனியாகப் போகும் அப்பா அம்மாவுக்கும் வெளிநாட்டில் இறங்கி ஏறும் தனி டிக்கெட் எடுத்துக் கொடுக்காதீர்கள். காசு அதிகமானாலும் ஒரே டிக்கெட். வீல்சேர் உதவிகூட முதல் டிக்கெட்டோடு முடிந்துவிடும். வாசலில் விட்டுவிட்டு வீல்சேர் தள்ளி வந்த பையன் போய்விடுவான். உள்நாட்டில் இறங்கி ஏறினாலும் வீல்சேரை இரண்டு பிஎன்ஆரிலும் தனித்தனியாகக் கேட்டு வைக்க வேண்டும்.

டிக்கெட் எடுக்கும் வரிசை

இரண்டையும் ஒரே நாளில், ஒரே உட்காரலில் எடுங்கள். ஒன்றை வாங்கிவிட்டு மற்றதை அடுத்த வாரம் பார்க்கலாம் என்றால் அதற்குள் விலை ஏறிவிடும். முதலில் நீண்ட, விலை அதிகமான பயணத்தை உறுதி செய்யுங்கள். பணம் கட்டும் முன் அதற்கேற்ற சின்ன விமானம் இருக்கிறதா என்று இன்னொரு பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே நிறுவனத்துடையதாகக் கிடைத்தால் கொஞ்சம் நல்லது. பிஎன்ஆர் வேறாக இருந்தாலும் கவுண்டரில் இருப்பவர் மனது வைத்தால் உதவ வாய்ப்பு இருக்கிறது. அது உரிமை கிடையாது, கருணைதான். டிக்கெட் எடுத்த பின் சிறிது நேரத்துக்குள் ரத்து செய்தால் அபராதம் பிடிக்காத வசதியும் டிஜிசிஏ விதிகளில் உண்டு, பயண நாள் கிட்ட இருந்தால் மட்டும் கிடைக்காது.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்குத் தனிச் சிக்கல். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், சிலருக்கு சர்நேம் இடமே காலியாக இருக்கும். உள்நாட்டு டிக்கெட்டை ஆதார் பெயரிலும் வெளிநாட்டு டிக்கெட்டை பாஸ்போர்ட் பெயரிலும் எடுக்காதீர்கள். இரண்டுமே பாஸ்போர்ட்டில் உள்ளபடி. உள்நாட்டுக்கும் பாஸ்போர்ட்டையே அடையாளமாகக் காட்டலாம். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள், அமீரகத்துக்கு விசிட் விசாவில் போவதாக இருந்தால், டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; 2022 கடைசியிலிருந்து அங்கே அதற்குக் கட்டுப்பாடு வந்தது.

ஏஜென்ட் மூலம் எடுத்தால் டிக்கெட்டில் யார் போன் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். பல இடங்களில் ஏஜென்ட் தன் நம்பரையே போட்டு வைப்பார். விமான நேரம் மாறினால் குறுஞ்செய்தி அவருக்குப் போகும், ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருக்கும். உங்கள் நம்பரும் உங்கள் மின்னஞ்சலும்தான் இருக்க வேண்டும் என்று நின்று வாங்குங்கள். சங்கடப்பட வேண்டியதில்லை.

எடுத்த பிறகு

இரண்டு மாதம் முன்னால் எடுத்த டிக்கெட்டில் நேரம் மாறுவது சகஜம். முதல் நிறுவனம் தன் விமானத்தை மூன்று மணி நேரம் தள்ளி வைத்தால், அந்த டிக்கெட்டுக்கு மாற்றோ பணமோ தருவார்கள். இரண்டாவது நிறுவனத்துக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அதனால் வாரம் ஒரு தடவை இரண்டு பிஎன்ஆரையும் இணையத்தில் போட்டுப் பாருங்கள். செய்தி வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

கிளம்பும் முந்தின நாள் இரண்டுக்கும் வெப் செக்-இன் செய்துவிடுங்கள். பெட்டியை வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். சின்ன தராசு நாகர்கோவில் கடைகளில் கிடைக்கிறது. இடையில் பெட்டியைத் திறந்து மாற்றி அடுக்கினால் பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள், இரண்டாவது விமான நிலையத்தில் பெட்டி புதிதாக ஸ்கேன் ஆகும். கொப்பரைத் தேங்காய் கூடவே கூடாது. எண்ணெய்ப் பசை இருப்பதால் தீப்பிடிக்கும் பொருள் என்று தடை செய்திருக்கிறார்கள். பிள்ளைக்கு ஊர்த் தேங்காய் கொடுத்துவிடும் அம்மாக்களிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

திரும்பி வரும்போது

வெளிநாட்டிலிருந்து மும்பையிலோ டெல்லியிலோ இறங்கினால், பொதுவாக ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் இந்தியாவில் முதலில் இறங்கும் இடத்திலேயே இமிக்ரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி போட வேண்டும். எனவே இந்தப் பக்கத்தில் தனி டிக்கெட்டின் அலைச்சல் அவ்வளவு பெரிதாகத் தெரியாது. பெரிதாகத் தெரிவது எடைதான். ஊருக்கு வருகிறவர் கையை வீசிக்கொண்டா வருவார்? போர்வை, பால் பொடி, சாக்லேட், சோப்பு, வாசனைத் தைலம் என்று 30 கிலோ அட்டைப்பெட்டியாகக் கயிறு கட்டி வரும். அதை 15 கிலோ விமானத்தில் போட வேண்டும். வரும்போதைய கூடுதல் எடையையும் போகும்போதே சேர்த்து வாங்கிவிடுங்கள், அல்லது மும்பையிலிருந்து ரயிலில் வாருங்கள். விடுமுறை நீளமாக இருந்தால் ரயில் மோசமான யோசனை இல்லை. நாகர்கோவில் வரை நேரடி ரயிலே உண்டு.

டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டிலை உள்நாட்டு விமானத்தில் கைப்பையில் கொண்டு போக விட மாட்டார்கள். கஸ்டம்ஸ் தாண்டியதும், செக்-இன் செய்யும் முன், அதைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

தவறிவிட்டால்

முதல் விமானம் தாமதம், இரண்டாவதைப் பிடிக்க முடியாது என்று தெரிந்த நிமிடமே இரண்டாவது நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள், இல்லாவிட்டால் செயலியில் நேரத்தை மாற்றுங்கள். விமானம் கிளம்பும் முன் மாற்றினால் மாற்றக் கட்டணமும் விலை வித்தியாசமும்தான் போகும். கிளம்பிய பிறகு நோ-ஷோ ஆகிவிடும், டிக்கெட் பணத்தில் பெரும்பகுதி போகும். எத்தனை மணி நேரம் முன்பு வரை மாற்றலாம் என்பது டிக்கெட் வகையைப் பொறுத்தது; இதை வாங்கும்போதே படித்து வைத்தால் இந்த நேரத்தில் தேட வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தில் உட்கார்ந்திருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். விமானத்துக்குள் ஏறிவிட்டால் போனை அணைத்துவிட வேண்டுமே.

போக வரச் சேர்த்து எடுத்த டிக்கெட்டில் போகும் பாதியைத் தவறவிட்டால் திரும்பும் பாதியும் தானாக ரத்தாகிவிடலாம். திரும்பும் டிக்கெட் இருக்கிறது என்று நினைத்து இரண்டு மாதம் கழித்து விமான நிலையம் போய் நிற்காதீர்கள். உடனே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

நோ-ஷோ ஆனாலும் முழுப் பணமும் அவர்களுக்கே சேராது. அரசு வரிகளையும் விமான நிலையப் பயனாளர் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது டிஜிசிஏ விதி, பணம் திரும்பாத வகை டிக்கெட்டுக்கும் சேர்த்து. தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தால் அவர் வழியாகத்தான் வரும். அதனால் அவரிடம் அந்த வாரமே சொல்லுங்கள்.

முதல் நிறுவனத்தின் கவுண்டரில் தாமதச் சான்றிதழ் ஒன்று கேட்டு வாங்குங்கள். எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டியது, எத்தனை மணிக்குக் கிளம்பியது, ஏன் என்று அதில் இருக்கும். வேலையில் சேரும் தேதி தள்ளிப்போனால் கம்பெனிக்குக் காட்ட உதவும். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அதற்கும் வேண்டும். ஆனால் காப்பீட்டில் 'கனெக்ஷன் தவறுதல்' என்று இருந்தாலே தனி டிக்கெட்டுக்கும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். எத்தனை மணி நேரத் தாமதத்துக்கு மேல், இரண்டு டிக்கெட்டுக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் விட்டிருந்தால், என்று ஒவ்வொரு பாலிசியிலும் ஒவ்வொரு நிபந்தனை இருக்கும். பிரீமியம் கட்டும் முன் அந்த ஒரு பத்தியை மட்டுமாவது படியுங்கள், புரியாவிட்டால் அவர்களிடமே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.